10-க்கு 12 அறைக்கு எந்த மானிட்டர்? யமஹா ஹெச்எஸ்5-ம் அதற்குப் பக்கத்தில் நிற்பவையும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 10 அடிக்கு 12 அடி, செங்கல் சுவர், 10 அடி உயரத்தில் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. நம் ஊர் வீடுகளில் ரெக்கார்டிங்குக்கென்று ஒதுங்கும் அறை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அந்த அறையில் பாட்டு, டப்பிங், பாட்காஸ்ட், கர்நாடக சங்கீதம், கிட்டார் என்று வேலை செய்பவருக்கு 5 அங்குல ஸ்டூடியோ மானிட்டர், அதாவது பதிவு செய்த ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் 'மிக்ஸ்' வேலைக்கு வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர், போதும். அந்த அளவில் யமஹா ஹெச்எஸ்5 எங்கள் முதல் தேர்வு. 8 அங்குலம் வேண்டவே வேண்டாம். அதில் மிச்சமாகும் பணம் ஸ்டாண்டுக்கும், ஒலியை உறிஞ்சும் ராக்வூல் என்ற பாறைக் கம்பளிக்கும் போகட்டும்.

"பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் பேஸ் நன்றாகக் கேட்குமே, மிக்ஸ் சரியாக வருமே" என்பதுதான் வாங்குபவர்கள் எல்லோரும் முதலில் நினைப்பது. அறை சின்னதாக இருக்கும்போது இது ஏன் தலைகீழாகிறது என்று பார்த்துவிட்டால் மற்ற தேர்வுகள் தானாகவே எளிதாகிவிடும்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவில் அது போய்த் திரும்பும்போது, அந்த இடைவெளிக்கேற்ற ஒரு அதிர்வெண் அறைக்குள் மாட்டிக்கொண்டு முழங்கும். கணக்கு எளிது: 343-ஐ, சுவர்களுக்கிடையே உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 12 அடி என்பது 3.66 மீட்டர், அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடி என்பது 3.05 மீட்டர், அந்த அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ். கூரையும் 10 அடி உயரம் என்பதால் அங்கேயும் அதே 56. இவற்றின் இரட்டை மடங்குகளும் உண்டு: 94, 112. இந்த முழக்கம் அறையெங்கும் ஒரே மாதிரி இருக்காது. சுவரோரத்தில் கூடும், நடுவில் காணாமல் போகும். நாற்காலியை ஓரடி நகர்த்தினால் கிக் டிரம் அடி வயிற்றில் இடிக்கும். இன்னோர் அடி நகர்த்தினால் அதே கிக் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல இருக்கும்.

இதில் நம் வீடுகளுக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. அமெரிக்காவில் பல வீடுகளின் உள்சுவர்கள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. பேஸின் ஒரு பகுதி அந்தப் பலகையை ஆட்டிவிட்டு வெளியே கசிந்துவிடும். 9 அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அப்படிக் கசிய விடுவதில்லை. உள்ளே எழுந்த பேஸ் உள்ளேயே சுற்றும். வெளிநாட்டு விமர்சனத்தில் "இதன் பேஸ் அளவாக இருக்கிறது" என்று படித்துவிட்டு வாங்கியவர், இங்கே மாட்டியதும் "ஐயோ, குகை மாதிரி இருக்கே" என்று சொல்வது இதனால்தான். அவர் வாங்கிய ஸ்பீக்கரில் கோளாறு எதுவும் இல்லை.

இப்போது ஹெச்எஸ்5-ன் விவரத்தாளைப் பார்ப்போம். கீழ் ஒலிக்கு 5 அங்குல வூஃபர், மேல் ஒலிக்கு 1 அங்குல டோம் ட்வீட்டர். வூஃபருக்கு 45 வாட், ட்வீட்டருக்கு 25 வாட் என்று தனித்தனி ஆம்ப், மொத்தம் 70. இரண்டும் கைமாறும் இடம் 2 கிலோஹெர்ட்ஸ். எடை 5.3 கிலோ. அலைவரிசை 54 ஹெர்ட்ஸ் முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் அது 10 டெசிபல் இறங்கிய பிறகுள்ள அளவு. 3 டெசிபல் இறக்கத்தில் அளந்தால் 74 ஹெர்ட்ஸ்தான். எந்த மானிட்டரை ஒப்பிட்டாலும் இந்த இரண்டு எண்ணில் எது என்று பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். ஒரு கம்பெனி 10 டெசிபல் கணக்கிலும் இன்னொன்று 3 டெசிபல் கணக்கிலும் போட்டிருந்தால், 43 என்று எழுதிய பெட்டி 49 என்று எழுதிய பெட்டியைவிடக் கீழே போகும் என்று நம்பி ஏமாறுவோம்.

74-க்குக் கீழே ஹெச்எஸ்5 மெல்ல ஒதுங்கிக்கொள்கிறது. 47-லும் 56-லும் அறை தன் விருப்பத்துக்கு ஆடுகிறது. அதாவது இந்த ஸ்பீக்கர் வாசிக்காமல் விடும் பகுதி, இந்த அறையில் எப்படியும் நம்ப முடியாத பகுதி. 47 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபலுக்குள் இறங்கும் ஹெச்எஸ்8-ஐ இங்கே வைத்தால், அந்தக் கீழ்ப்பகுதி காதில் விழும். ஆனால் விழுவது ஸ்பீக்கர் சொன்னதா, சுவர் சொன்னதா என்று பிரிக்க வழியில்லை. பொய்யான பேஸைக் கேட்டு ஈக்யூவில் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பதைவிட, அதைக் கேட்காமல் இருந்துவிட்டு ஹெட்போனில் சரிபார்ப்பது நூறு மடங்கு மேல். நல்ல ஓவர்-இயர் ஹெட்போன் ஒன்று ஹெச்எஸ்5-க்குத் துணையாக அவசியம் வேண்டும். ஆடம்பரம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

74 ஹெர்ட்ஸ் என்றால் இசையில் என்ன? பேஸ் கிட்டாரின் திறந்த 'ஈ' தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் அடிநாதம் ஹெச்எஸ்5-ல் வராது. ஆனால் அதன் இரண்டாவது ஹார்மோனிக் 82-ல் இருக்கிறது, அது வரும், காது மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். 1 கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு மத்திய சட்ஜம் 131, மந்திர பஞ்சமம் 98. எல்லாம் உள்ளே அடங்குகிறது. எனவே கச்சேரிப் பதிவு, பக்திப் பாடல், குரல் வேலை என்று இருப்பவருக்கு இந்த ஸ்பீக்கரில் குறை தெரியாது. 808 என்னும் ஆழ்ந்த மின்னணு பேஸை வைத்தே பாட்டைக் கட்டுகிறவருக்கு நிச்சயம் தெரியும்.

அந்த 98-ஐ இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அறையின் நீளத்துக்கு 94-ல் ஒரு முழக்கம் இருக்கிறது என்று பார்த்தோம். பாடகர் மந்திர பஞ்சமத்தில் நிற்கும்போது மட்டும் குரல் திடீரென்று பெருக்கும். மிக்ஸ் செய்பவர், குரலில்தான் குறை என்று 98-ல் 4 டெசிபல் வெட்டுவார். அவர் அறையில் பாட்டு சமமாகிவிடும். அதே பாட்டைக் காரில் போட்டால் கீழ் ஸ்தாயியில் குரல் எலும்பும் தோலுமாக இருக்கும். "வீட்டில் நன்றாக இருந்தது, வெளியில் போனால் கெட்டுவிடுகிறது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு ஸ்வரம் ஒளிந்திருக்கும்.

ஹெச்எஸ்5-ஐப் பிடித்துப்போகக் காரணம் அதன் நடுப்பகுதி. குரல், வயலின், கிட்டார், மிருதங்கத்தின் வலந்தலை எல்லாம் வாழும் 500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இது எதையும் மெழுகிக் காட்டுவதில்லை. குரலில் மூக்கடைப்பு இருந்தால் மூக்கடைப்பாகவே கேட்கும். 'ஸ', 'ஷ' சீறினால் சீறும். இதைக் கேட்டு ஒருவர் "கரகரப்பாக இருக்கிறது, பாட்டுக் கேட்கச் சுகமில்லை" என்றால் அவர் சொல்வது சரி. ஓய்வாகப் பாட்டுக் கேட்க இது ஏற்றதல்ல. குறையைக் காட்டுவதற்காகவே வாங்குகிற பொருள் இது.

வெள்ளைக் கோனைப் பார்த்துவிட்டு "இது பழைய என்எஸ்-10 தானே" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. 1978-ல் வீட்டு ஹைஃபை ஸ்பீக்கராக வந்து, உலகமெங்கும் ஸ்டூடியோக்களில் குடியேறிய என்எஸ்-10 மூடிய பெட்டி. தனி ஆம்ப் வேண்டும். கோனுக்கான மரக்கூழ் கிடைக்காமல் 2001-ல் யமஹா அதை நிறுத்தியது. ஹெச்எஸ்5 உள்ளேயே ஆம்ப் கொண்டது, பின்னால் காற்றுத்துளை உள்ளது. நிறம் ஒன்று, குணம் வேறு.

வைக்கும் இடத்துக்கு வருவோம். பணம் செலவில்லாமல் மிக அதிகமாகச் சத்தத்தை மாற்றும் வேலை இதுதான்.

10 அடிச் சுவரை முன்சுவராக வையுங்கள். ஸ்பீக்கர்கள் 12 அடி நீளத்தைப் பார்த்து நிற்கட்டும். ஹெச்எஸ்5-ன் ஆழம் 22 சென்டிமீட்டர். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டால் அதன் முகம் சுவரிலிருந்து 32-ல் நிற்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 1.2 மீட்டர், காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதே 1.2 மீட்டர். இந்தச் சமபக்க முக்கோணத்தின் உயரம் 1.04 மீட்டர். 32 சென்டிமீட்டரைக் கூட்டினால் உங்கள் தலை முன்சுவரிலிருந்து 1.36 மீட்டரில், ஏறக்குறைய நாலரை அடியில் இருக்கும். 12 அடியில் இது 37 சதவீதம். நீளத்தில் 38 சதவீதத்தில் உட்காருவது நல்லது என்று ஒலியியல் வேலை செய்பவர்கள் சொல்லும் தொடக்கப் புள்ளியும் அதுவே. நடு அறையில் உட்காராதீர்கள், 47 ஹெர்ட்ஸ் அங்கே செத்துப்போகும். பின்சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள், எல்லா பேஸும் அங்கே வந்து குவியும்.

இடவலமாகச் சரியாக நடுவில் இருப்பது முக்கியம். ஒரு பக்கம் ஸ்டீல் பீரோ, மறுபக்கம் ஜன்னல் என்றால் குரல் நடுவில் நிற்காது. பீரோவை முடிந்தால் அறையை விட்டே வெளியேற்றுங்கள். 80 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏதோ ஓரிடத்தில் அதன் கதவு கூடவே பாட ஆரம்பிக்கும், அந்த நடுக்கம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று நாள்கணக்கில் தேடுவீர்கள்.

ட்வீட்டர் காது மட்டத்தில். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து 110 முதல் 120 சென்டிமீட்டரில் இருக்கும். மேசையில் ஸ்பீக்கரை அப்படியே வைத்தால் ட்வீட்டர் நெஞ்சுக்கு நேராகப் போய்விடும், மேசைப் பலகையும் சேர்ந்து அதிரும், பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதி நடுப்பகுதியைச் சீப்புப் பல்லாகக் கடித்துவிடும். மேசைக்குப் பின்னால் இரும்பு ஸ்டாண்ட் வைப்பது நல்லது. வெல்டிங் பட்டறையில் 10 அங்குலச் சதுரத் தட்டும், 3 அங்குலக் குழாயும், கனமான அடித்தட்டுமாகச் செய்து வாங்கி, குழாய்க்குள் காய்ந்த ஆற்று மணல் நிரப்பினால் அது கணகணக்காது. தட்டின் மேல் ரப்பர் ஷீட் ஒன்று. ஸ்பீக்கரைப் படுக்க வைக்காதீர்கள். தலையை அசைத்தாலே குரலின் நிறம் மாறும்.

சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதில் ஒரு பெரிய தவறான நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. "பின்னால் துளை உள்ளதைச் சுவரோரம் வைக்கக்கூடாது, அதனால் முன்னால் துளை உள்ளதை வாங்கு" என்பார்கள். பேஸ் அலை பெட்டியைச் சுற்றி எல்லாத் திசையிலும் பரவுவது. துளை முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் சுவரை ஒட்டினால் பேஸ் கூடும். பின்துளைக்கு வேண்டியது காற்று போய்வர ஓர் உள்ளங்கை அகல இடம். அதற்கு 10 சென்டிமீட்டர் போதும். அது கிடைத்த பிறகு முன்துளைக்கும் பின்துளைக்கும் சுவர் விஷயத்தில் வித்தியாசம் மிகக் குறைவு.

உண்மையில் கெடுப்பது, பாதி தூரம் தள்ளி வைப்பது. சுவரில் பட்டுத் திரும்பும் அலை, நேர் அலைக்கு எதிராக வந்து அதை அழிக்கும் அதிர்வெண் ஒன்று உண்டு: 343-ஐ, ஸ்பீக்கர் முகத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தின் 4 மடங்கால் வகுக்க வேண்டும். 1 மீட்டர் தள்ளினால் 86 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். கிக்கின் உடம்பும் பேஸ் கிட்டாரும் போய்விடும். 32 சென்டிமீட்டரில் வைத்தால் பள்ளம் 268-க்கு ஏறிவிடும். அங்கே ஸ்பீக்கர் கொஞ்சம் முன்நோக்கி ஒலிக்க ஆரம்பித்திருக்கும், பள்ளத்தின் ஆழம் குறையும், ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள முன்சுவரில் ஒட்டிய ராக்வூலும் அதைத் தொட முடியும். எனவே சின்ன அறையில் சுவருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கூடிவரும் பேஸை ஹெச்எஸ்5-ன் பின்புறமுள்ள 'ரூம் கண்ட்ரோல்' சுவிட்சில் இறக்கிக்கொள்ளலாம். அது 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும். சுவரோரம் என்றால் 2-ல் தொடங்குங்கள். மூலையில் மாட்டிக்கொண்டால்தான் 4. 'ஹை ட்ரிம்' சுவிட்ச் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 2 டெசிபல் ஏற்றவோ இறக்கவோ செய்யும். வெறும் டைல்ஸ் அறையில் இதை இறக்கித் தப்பிக்கப் பார்க்காமல், முதலில் அறையைக் கவனியுங்கள்.

மற்றவர்களைப் பார்ப்போம்.

ஜேபிஎல் 305பி மார்க் 2: 5 அங்குலம், 82 வாட். 3 டெசிபல் கணக்கில் 49 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், ஹெச்எஸ்5-ஐவிடத் தெளிவாகவே கீழே. ட்வீட்டரைச் சுற்றியுள்ள குழிந்த வடிவம் ஒலியை அகலமாகவும் சீராகவும் பரப்புவதால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். பாடகரும் இசையமைப்பாளரும் சேர்ந்து உட்காரும் இடத்துக்கு இது பெரிய வசதி. பின்னால் சுவர்ச் சுவிட்சும் உண்டு, 1.5, 3 டெசிபல் இறக்கத்துக்கு. பலரும் சொல்லும் ஒரே குறை, ட்வீட்டரிலிருந்து வரும் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். மின்விசிறி ஓடும் அறையில் தெரியாது. இரவில் விசிறியை நிறுத்திவிட்டு அரை மீட்டரில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குத் தெரியும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் இதுவே எங்கள் பரிந்துரை.

ஆடம் டி5வி: 5 அங்குல வூஃபரோடு மடிப்பு ரிப்பன் ட்வீட்டர். விவரத்தாளில் 45 ஹெர்ட்ஸ் முதல் 25 கிலோஹெர்ட்ஸ். மேல் பகுதி அவ்வளவு துல்லியம். ரிவெர்பின் வால், ஜால்ராவின் தேய்வு, வாய்ச் சொடக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும். டப்பிங், ஆடியோ புத்தகம் எடிட் செய்பவர்கள் ஹெச்எஸ்5-க்கு முன்னால் இதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இதில் எக்ஸ்எல்ஆர், ஆர்சிஏ என்று இரண்டு வகை இணைப்புகள்தான், பி-38 என்னும் கால் அங்குல ஜாக் நுழையாது. கேபிளை அதற்கேற்ப வாங்க வேண்டும்.

காலி எல்பி-6 இரண்டாம் பதிப்பு: ஆறரை அங்குலம், 80 வாட், முன்துளை. ஜேபிஎல்லில் இருந்து பிரிந்து வந்த பொறியாளர்கள் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி. பின்பக்கத்தில் படம் போட்டிருக்கும்: ஸ்டாண்டில், மேசையில், சுவரோரம் என்று எங்கே வைத்திருக்கிறீர்களோ அந்தப் படத்தைப் பார்த்துச் சின்னச் சுவிட்சுகளைத் தள்ளினால் போதும். இந்த அளவுக்கு வாங்குபவரின் அறையை நினைத்துப் பார்த்துச் செய்த ஸ்பீக்கர் இந்த விலை வரிசையில் அரிது. அறை 12-க்கு 14-ஐத் தாண்டினால், சினிமாப் பாணித் தாளமே முக்கிய வேலை என்றால், ஹெச்எஸ்7-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

கேஆர்கே ரோக்கிட் 5 நான்காம் தலைமுறை: மஞ்சள் கெவ்லார் கோன், பின்னால் சின்னத் திரையும் 25 ஈக்யூ அமைப்புகளும். பீட் போடும்போது உற்சாகம் தருவது. குரலின் குறையைத் தேடும் வேலைக்கு எங்கள் கை ஹெச்எஸ்5 பக்கமே போகிறது.

மூன்றரை அங்குல ஜோடிகளைப் பற்றிச் சுருக்கமாக: பிரீசோனஸ் எரிஸ் 3.5 போன்றவற்றில் ஆம்ப் ஒரு பெட்டியில் மட்டும். மற்றது ஒயரில் தொங்கும் துணை. வீடியோ எடிட்டிங்குக்குப் போதும். மிக்ஸ் முடிவெடுக்கப் போதாது.

அறைக்குச் செய்ய வேண்டியது என்ன? முட்டை அட்டை ஒட்டாதீர்கள், பணமும் நேரமும் வீண். 1 அங்குல ஃபோம், பவானி ஜமக்காளம், திரைச்சீலை எல்லாம் உச்சத்தை மட்டும் உறிஞ்சும். அவற்றை அறையெங்கும் போட்டால் உச்சம் செத்து, முழக்கம் மட்டும் மிஞ்சும். வேண்டியது கனம். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ள ராக்வூல், 100 மில்லிமீட்டர் தடிமன், 2 அடிக்கு 4 அடி மரச்சட்டத்தில் அடைத்து, காற்று புகும் பருத்தித் துணி சுற்ற வேண்டும். ஊதிப் பார்த்தால் மறுபக்கம் மூச்சு படுகிற துணியாக இருக்கட்டும், ரெக்சின் உதவாது. ஏசி டக்ட், குளிர்பதனக் கிடங்குக்கு இன்சுலேஷன் வேலை செய்பவர்களிடம் சரக்கு கிடைக்கும். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், அரிப்பு ஒரு நாள் முழுக்க விடாது.

ஆறு பேனல் செய்தால் போதும். இரண்டு முன் மூலைகளில் குறுக்காக. பக்கச் சுவர்களில் ஒவ்வொன்று: ஒருவரைக் கண்ணாடியோடு சுவரை ஒட்டி நகரச் சொல்லுங்கள், நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் எங்கே கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே. ஒன்று தலைக்கு முன்னால் கூரையிலிருந்து தொங்க. மின்விசிறி நடுவில் இருப்பதால் அதற்கு முன்பாக இடம் கிடைக்கும். ஒன்று பின்சுவரில். சுவருக்கும் பேனலுக்கும் நடுவே இன்னும் 100 மில்லிமீட்டர் காலி விட்டால் கீழே வரை வேலை செய்யும். இதனால் 56 ஹெர்ட்ஸ் மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அலையின் கால் பங்கே ஒன்றரை மீட்டர் நீளம். கைக்கு இன்னும் பணம் வராதவர், பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் சுருட்டிப் பின் மூலையில் நிறுத்தலாம். கடை ஃபோமைவிட அது நேர்மையாக உழைக்கும்.

கேபிளில் தங்க முலாம், தடிமன் என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பேலன்ஸ்டு கேபிள்தானா, அதாவது உள்ளே இரண்டு சிக்னல் கம்பியும் ஒரு ஷீல்டும் உள்ளதா என்பதே கேள்வி. கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் இருந்து ஹெச்எஸ்5-க்கு ஸ்டீரியோ பி-38 முதல் எக்ஸ்எல்ஆர் வரை, அதாவது சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சொல்லும் 'கேனான்' வரை. சென்னை ரிச்சி தெருவில் நல்ல ஜாக் வாங்கி நீங்களே பற்றவைக்கலாம்: கேனானின் 1-ம் பின் ஷீல்டு, ஜாக்கின் அடிப்பகுதிக்கு, 2-ம் பின் நுனிக்கு, 3-ம் பின் நடு வளையத்துக்கு. ஒரு கேபிளில் மட்டும் 2-ம் 3-ம் மாறிவிட்டால் பேஸ் உறிஞ்சப்பட்டது போல மறையும், குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கும். ஸ்பீக்கர் பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகுமுன் இதைப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கையான கோளாறு: லேப்டாப் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஸ்டீரியோ கேபிளை நேராக ஒரு ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு ஓட்டையில் செருகுவது. ஸ்பீக்கர் இடமும் வலமும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வாசிக்கும். நடுவில் உள்ள குரல் மாயமாகி, கரோக்கே போல மிஞ்சும். இன்டர்ஃபேஸ் இல்லாமல் மானிட்டர் வாங்குவதில் அர்த்தமில்லை.

ஹம், அதாவது விடாத 'ம்ம்' இரைச்சல் வந்தால் வரிசையாகத் தேடுங்கள். ஸ்பீக்கரில் கேபிளைப் பிடுங்கியும் ஹம் இருந்தால் கரண்ட் பக்கம். நின்றுவிட்டால் கேபிள் அல்லது கம்ப்யூட்டர் பக்கம். மவுஸை நகர்த்தும்போது 'கிர்ர்' என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸ், கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே பிளக் போர்டில் இருக்கட்டும். விசிறி ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்ததும் இரைச்சல் குறைந்தால் குற்றவாளி அந்த ரெகுலேட்டர். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் உறுமினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். சைன் வேவ் மாற்றாமல் வழியில்லை. எர்த் பின்னை உடைத்தோ டேப் சுற்றியோ ஹம்மை நிறுத்தச் சொல்லி அறிவுரை வரும். செய்யவே செய்யாதீர்கள். மைக்கைப் பிடித்துப் பாடுகிறவரின் உயிர் அந்த எர்த்தில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்ப்பதுதான் முறை.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் அளவைக் கட்ட வேண்டும். டிஏடபிள்யூ என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் மைனஸ் 20 டெசிபலில் பிங்க் நாய்ஸ் என்ற, எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சலை ஓட விட்டு, ஒரு ஸ்பீக்கரை மட்டும் திறந்து, காது இருக்கும் இடத்தில் மொபைலைப் பிடியுங்கள். சவுண்ட் மீட்டர் ஆப்பில் 'சி' எடை, மெதுவான அளவீடு. 1,500 கன அடிக்குக் குறைவான அறைக்கு அமெரிக்க டிஜிட்டல் தொலைக்காட்சிப் பரிந்துரை 76 டெசிபல். நம் அறை 1,200 கன அடி. 76 வந்ததும் இன்டர்ஃபேஸ் குமிழில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அடுத்த ஸ்பீக்கருக்கும் அதே எண் வரும்படி அதன் பின்குமிழைத் திருப்புங்கள். மிக்ஸ் முடிவுகளை எப்போதும் அந்தக் கோட்டிலேயே எடுங்கள். சத்தம் குறைந்தால் காதுக்கு பேஸ் அதைவிட வேகமாகக் குறையும். இரவில் மெதுவாக வைத்து மிக்ஸ் செய்தவரின் பாட்டில் காலையில் பேஸ் வழிவது இதனால்.

கடையில் கேட்கப் போகும்போது நீங்கள் நூறு முறை கேட்ட மூன்று பாட்டை வேவ் கோப்பாக எடுத்துப் போங்கள். ஒன்று வெறும் குரலும் தம்பூராவும், ஒன்று தவிலோ மிருதங்கமோ, ஒன்று நீங்கள் செய்யும் வகை. இரண்டு மாடலையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிடாதீர்கள். 1 டெசிபல் கூடுதலாக இருப்பது எப்போதும் 'நல்லதாக'த் தோன்றும். ஸ்பீக்கர் மாறினாலும் இடம் மாறக்கூடாது. விலையைக் கேட்கும்போது ஒற்றைக்கா ஜோடிக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். ஹெச்எஸ்5 ஒற்றையாகவே பட்டியலிடப்படுவது வழக்கம். இணையத்தில் பாதி விலை என்று மகிழ்ந்து ஒன்றை மட்டும் வாங்கியவர்கள் நிறைய.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தூக்கி எறியாமல், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். 200-ல் இருந்து 40 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக இறங்கும் ஸ்வீப் ஒன்றை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக ஓட்டுங்கள். எங்காவது நடுங்கினால் கையால் ஸ்பீக்கரை அழுத்திப் பாருங்கள், பிறகு ஜன்னல் கம்பி, டியூப்லைட் பட்டி, படச்சட்டம் என்று தொட்டுக்கொண்டே போங்கள். தொட்டதும் நின்றால் குற்றம் அந்தப் பொருளுடையது. ஒரே நாய்ஸை இரண்டிலும் மோனோவாக ஓட்டினால் ஒலி சரியாக நடுவில், ஒரு கைக்குட்டை அகலத்தில் நிற்க வேண்டும். இடதை வலத்திலும் வலதை இடத்திலும் மாற்றி வைத்துக் கேளுங்கள். சாய்வு பக்கம் மாறினால் ஸ்பீக்கர் ஒன்றில் கோளாறு, அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும். சாய்வு அதே பக்கம் இருந்தால் அறைதான். பீரோவை நகர்த்த இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள்.